அழகா இருக்குன்னு சொல்லக் கூசிய ஒரு போட்டோ

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த கரீனா நெபுலா படம் வெளியானது 2022 ஜூலை 12, நம்ம ஊர் நேரத்துக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல். நான் அப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். மொபைலில் திறந்தால் கீழே பாதி செம்மண் மலை மாதிரி, மேலே நீலம், அந்த மலைக்கு ஓரத்தில் ஆவி கிளம்புகிற மாதிரி ஒரு புகை. மலை என்று சொல்கிறேனே தவிர அது வெறும் வாயுவும் தூசியும். அதில் உயரமான சிகரம் ஏழு ஒளியாண்டு உயரமாம். அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் இங்கே வந்து சேர ஏறக்குறைய 7,600 வருஷம் ஆகிறது. டீ ஆறிப்போய் கடைக்காரர் இன்னொன்று போடவா என்று கேட்டார்.

மறுநாள் ஆபீசில் ஒருத்தர், "அதெல்லாம் போட்டோஷாப் கலரு பாஸ்" என்றார். பாதி சரி. வெப் பார்ப்பது அகச்சிவப்பு ஒளியை, நம் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அலைநீளம் கூடினதுக்குச் சிவப்பு, குறைந்ததுக்கு நீலம் என்று வரிசை மாறாமல் நிறம் கொடுக்கிறார்கள். என் தொண்டைக்கு எட்டாத சுருதியில் இருக்கிற பாட்டை என் கட்டைக்கு இறக்கிப் பாடுகிற மாதிரிதான். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் நைனாவிடம் காட்டினேன். காசிமேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் கடலுக்குப் போனவர், இப்போது முட்டி வலியோடு வீட்டில் இருக்கிறார். பார்த்துவிட்டு "ம்" என்றார். அவ்வளவுதான்.

அவர் எப்பவும் அப்படித்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கொச்சியில் நடக்கிற கலைக் கண்காட்சி கொச்சி பினாலே; 2014-இல் ஆரம்பித்த அதன் இரண்டாவது பதிப்புக்கு நான் ரயிலேறிப் போய்விட்டு வந்தேன், அங்கே சிற்பி அனிஷ் கபூரின் 'டிசென்ஷன்' என்கிற படைப்பு இருந்தது. ஆஸ்பின்வால் ஹவுஸ் என்கிற பழைய கிடங்கு, சுவரைத் தாண்டினால் கடல். உள்ளே தரையில் பெரிய வட்டக் குழி, அதில் தண்ணீர் சுழன்று சுழன்று நடுவில் இறங்கிக்கொண்டே இருக்கும். கைப்பிடி கம்பியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, காலுக்குக் கீழே தரை நழுவுகிற மாதிரி ஒரு பயம். அந்த வீடியோவை நைனாவுக்குப் போட்டுக் காட்டினால், "இன்னா இது, சுழிதான? இத பாக்கவா ரயிலேறி கொச்சிக்குப் போன?" எனக்கு எரிச்சல். ஆனால் ராத்திரி என் போனை எடுத்து அதையே அவர் மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் "சும்மா" என்பார், கேட்கவில்லை.

2019 ஆகஸ்ட்டில் திருவான்மியூர் பக்கம் அலை நீலமாக மின்னியது நினைவிருக்கிறதா? நாக்டிலூக்கா என்கிற நுண்ணுயிர், தண்ணீர் அசைந்து அதன் மேல் பட்டால் உடம்புக்குள் ஒரு வேதிவினை நடந்து வெளிச்சம் விடும். மறுநாள் ராத்திரி நானும் போய் மணலில் விடியும்வரை உட்கார்ந்தேன், ஒன்றும் மின்னவில்லை. கொசுக்கடிதான் மிச்சம். வீட்டுக்கு வந்து புலம்பினால் நைனா சொல்கிறார், "அதா? இருட்டுல வல இழுத்தா கை முழங்கை வரைக்கும் எரியுமே, எத்தினி தபா பாத்துக்கீறேன்." முப்பது வருஷம் இதை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன்!

சரி, போட்டோவுக்கு வருகிறேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை வடிந்துகொண்டிருந்த நேரம். எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியிருந்தது. யார் விட்டது, யார் பொறுப்பு என்பதெல்லாம் பேப்பரில் வந்ததுதான், இங்கே அதை இழுக்கவில்லை. நான் போன அன்றைக்கு ஃபைபர் போட்டில் ஆட்கள் உட்கார்ந்து பக்கெட்டிலும் மக்கிலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கூழைக்கடா ஒன்று இறக்கை கருப்பாகி, பறக்கப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்தது. நாற்றம் தலைக்கு ஏறியது. கரையோரமாக, அலுமினிய நிறத்தில் இருந்த தண்ணீரின் மேல் எண்ணெய் மெல்லிசாகப் படர்ந்த ஒரு இடத்தில் ஊதா, மஞ்சள், பச்சை, செம்பு என்று சுருள் சுருளாக விரிந்துகொண்டிருந்தது.

படலத்தின் மேல்பக்கத்தில் பட்டுத் திரும்புகிற ஒளியும் அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்புகிற ஒளியும் ஒன்றோடொன்று கலப்பதால் வருகிற நிறம் அது. படலத்தின் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது, அந்தத் தடிமன் கொஞ்சம் மாறினாலும் நிறம் மாறிவிடும். கரீனாவுக்காவது யாரோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நிறம் கொடுத்தார்கள், இதற்கு யாரும் கொடுக்கவில்லை. நான் போட்டோ எடுத்தேன். ஒன்றல்ல, பதினைந்து இருபது. பக்கத்தில் மக்கோடு நின்ற ஒரு அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் போனை உள்ளே வைத்துவிட்டேன்.

அதில் ஒரு படத்தை மட்டும் அழிக்க முடியவில்லை. அது அசிங்கம் என்று என்னையே நம்பவைக்க ரொம்ப நாள் முயற்சி செய்தேன், நடக்கவில்லை. ஆபீசில் காட்டினால், நிறத்தைப் பற்றி அன்றைக்குப் பேசிய அதே ஆள் "வெப்பா, ஹபிளா?" என்று கேட்டார்! அக்கா பெண்ணோ ஏதோ கேலக்ஸி என்று அடித்துச் சொன்னாள். நானும் உண்மையைச் சொல்லாமல் சிரித்து வைத்தேன்.

போன மாசம் நைனாவிடம் நீட்டினேன். கண்ணாடிகூடப் போடவில்லை.

"நம்ம எண்ணூரு. தண்ணி வத்துற நேரத்துல எடுத்துக்கீற."

எப்படித் தெரியும் என்றேன். படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே ஒரு மூங்கில் கழி, பாதி தண்ணீரில். இவ்வளவு நாள் என் கண்ணில் அது படவே இல்லை.

"கழியத் தாண்டி கலரு எந்தப் பக்கம் இழுத்துக்கினு போவுது, பாரு. கடல் வாய்ப் பக்கமா போவுதா? அப்ப வத்தம்."

சொல்லிவிட்டு போனைத் திருப்பித் தரவில்லை. இரண்டு விரலால் பெரிசாக்கி, அந்த ஊதாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.