மைலோ டின்னில் இருபது சீட்டு

17 ஆகஸ்ட் 2024, சனி

இன்று முதல் ஆட்டம். ஆட்டம் என்று சொல்ல முடியுமா தெரியவில்லை, பாதியிலேயே எழுந்துவிட்டோம். ஒரு மாதமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளைப் படித்து வருகிறேன், ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நுழைந்து விளையாடுவது. 1974-இல் வந்த விளையாட்டு, இந்த வருடம் அதற்கு ஐம்பது வயது. புத்தகம் எதுவும் காசு கொடுத்து வாங்கவில்லை, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, தொடங்க அதுவே தாராளம். நினைத்தது பலிக்குமா என்று உருட்டிப் பார்க்கும் இருபது முகப் பகடைதான் சிக்கல். எங்கள் ஊர் சுங்கை சிப்புட் கடைகளில் என் கண்ணில் படவில்லை, ஆன்லைனில் ஆர்டர் செய்தது இன்னும் வரவில்லை. காலி மைலோ டின்னில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். ஆறு முகத்துக்கு லூடோ பகடை.

தம்பி, சின்னம்மா மகள், பக்கத்து வீட்டு அக்கா, இவர்கள் மூன்று பேர் விளையாடுபவர்கள், கதை நடத்துவது நான். முதலில் விதியெல்லாம் புரிந்தாக வேண்டும் என்று நினைத்து ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே வாசித்துக்கொண்டிருந்தேன். அக்கா தே ஓ, அதாவது பால் கலக்காத டீயைக் குடித்து முடித்துவிட்டு, "தம்பி, நாங்க எப்ப விளையாடுறது?" என்று கேட்டார். சரியான கேள்வி.

24 ஆகஸ்ட், சனி

இன்று விதிப் பக்கங்களைத் திறக்கவே இல்லை. "உங்க ஆள் யாரு, என்ன செய்யத் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன். போன வாரம் பாழடைந்த கோட்டை என்று ஆரம்பித்தேன், ஒருவர் கண்ணிலும் அது தெரியவில்லை. இன்று ஆள் இல்லாமல் போன ஒரு தோட்டம் என்றேன். இடிந்த லயம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், பூட்டிய ஸ்டோர், பின்னால் செம்பனைக் காடு. உடனே மூன்று பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

தம்பி, மண்டோர் (கங்காணி) மகன், சண்டைக்காரன். சின்னம்மா மகள், எந்தப் பூட்டையும் திறக்கிற திருடி. அக்கா, முனீஸ்வரன் அருளால் காயம் ஆற்றுகிற பூசாரியம்மா. அதன் பிறகுதான் எண்கள். 15, 14, 13, 12, 10, 8. இந்த ஆறையும் பலம், லாவகம், உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்ற ஆறு குணங்களுக்கு அவரவர் விருப்பப்படி பிரித்துக்கொள்ளலாம். ஆள் யார் என்று தெரிந்த பிறகு எண் போடுவது பத்து நிமிட வேலை.

31 ஆகஸ்ட், சனி

மெர்டேக்கா, சுதந்திர தின விடுமுறை, மத்தியானமே உட்கார்ந்துவிட்டோம். கதை இதுதான்: தோட்டத்துக் கோயில் மணி காணவில்லை, கண்டுபிடித்துக் கொண்டுவர வேண்டும்.

ஸ்டோர் பூட்டு அருமையாகப் போனது. திறக்க, சீட்டில் வரும் எண்ணும் கூடுதலும் சேர்ந்து 15 ஆக வேண்டும், திருடிக்கு லாவகத்துக்காகக் கிடைக்கும் கூடுதல் 3, பூட்டுத் திறக்கும் பழக்கத்துக்கு 2, ஆக 5 கூடுதல். சீட்டில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் போதும், அதாவது இருபதில் பதினொரு சீட்டு அவள் பக்கம். இப்படிச் சொன்னதும் மூன்று பேருக்கும் விதி புரிந்துவிட்டது.

ஆனால் ஸ்டோருக்குள் மாட்டிக்கொண்டோம். மணி போன தடத்தைப் பார்க்க 15 வேண்டும் என்று வைத்திருந்தேன், மூன்று பேருக்குமே வரவில்லை. கதை அங்கேயே நின்றது, இருபது நிமிடம். அது என் தவறு. கதை நகர அந்தத் தடம் தேவையென்றால் அதைச் சீட்டுக்குப் பின்னால் ஒளிக்கவே கூடாது. தடம் எப்படியும் தெரிய வேண்டும், சீட்டு நன்றாக வந்தால் சீக்கிரம் தெரியும், வராவிட்டால் தாமதமாகி இருட்டிவிடும். இனி எதற்குச் சீட்டு எடுக்கச் சொன்னாலும், தோற்றால் என்ன நடக்கும் என்பதை முதலில் யோசித்துவிட்டுத்தான் டின்னை நீட்டுவேன்.

இன்னொன்று, தம்பி எடுத்த சீட்டைத் திரும்பப் போடாமல் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறான். 20 அதில்தான் இருந்தது. போட்டுக் குலுக்கிய பிறகுதான் அடுத்தவர் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கே மாறிவிடும்.

16 செப்டம்பர், திங்கள்

மலேசியா தினம். பகடை போன வாரமே வந்துவிட்டது, ஆனால் மூன்று பேரும் டின்தான் வேண்டும் என்கிறார்கள். சரி, டின்னே இருக்கட்டும்.

தடம் செம்பனைக் காட்டுக்குள் போகிறது. ஓடைக்கு அப்பால் மணி கிடக்கிறது, பக்கத்தில் காட்டுப்பன்றி. விதிகளில் அதற்கு 11 உயிர்ப் புள்ளிதான், பார்த்தால் லேசு. திருடி மட்டும் முன்னால் ஓடினாள். பன்றி பாய்ந்து முட்டியது. ஓடி வந்து முட்டினால் பகடை இரண்டு, லூடோ பகடையில் 5, 4, மேலே ஒன்று, ஆக 10. அவளுக்கு இருந்ததே 9. விழுந்துவிட்டாள்.

தம்பி வெட்டினான், பன்றி சாய்ந்தது, கத்தினான். நான் விதியைப் பார்த்துச் சொன்னேன்: 7 அல்லது அதற்குக் குறைவான அடியில் சாகவேண்டிய பன்றி, ஒரு தடவை மட்டும் ஒரு புள்ளியோடு எழுந்துவிடும். எழுந்தது. தோட்டத்தில் பன்றி விரட்டிய ஆட்களைக் கேட்டால் இது உண்மை என்பார்கள் என்றார் அக்கா.

விழுந்தவள் தன் முறை வரும்போதெல்லாம் சீட்டு எடுக்க வேண்டும், 10 அல்லது மேலே வந்தால் பிழைப்புப் பக்கம், கீழே என்றால் சாவுப் பக்கம், எது முதலில் மூன்று ஆகிறதோ அதுதான் முடிவு. 4. அப்புறம் 17. அப்புறம் 8. சாவுப் பக்கம் இரண்டு. யாரும் பேசவில்லை, தம்பி மட்டும் பன்றியை இரண்டாவது தடவை கொன்றான், அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. அக்காவிடம் மந்திரம் தீர்ந்துவிட்டது, ஓடையைத் தாண்டி ஓடி வந்து வெறும் கையால் ரத்தத்தை நிறுத்தப் பார்க்கிறார், 10 வேண்டும், அவருக்குக் கூடுதல் 5. டின்னுக்குள் கையை விட்டு ரொம்ப நேரம் துழாவினார். 7.

பிழைத்தாள், ஆனால் மயக்கம் தெளிய ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். இருட்டிவிட்டது. மணியையும் அவளையும் ஒரே நடையில் தூக்க முடியாது என்றேன். தம்பியும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பேசவே இல்லை, தம்பி அவளைத் தோளில் போட்டுக்கொண்டான்.

லயத்துக்கு வந்து கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "மணியை அங்கேயே விட்டுட்டா வந்தீங்க?"

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு.