ஒரே கோடு, மூன்று ஆழம்: கார் கதவின் கீறலைச் சரிசெய்த அனுபவம்

மார்கழி இரண்டாம் வாரத்தில், உடல்நலம் சரியில்லாத அத்தையைப் பார்ப்பதற்காகக் கும்பகோணம் சென்றிருந்தோம். அத்தை வீடு மகாமகக் குளத்திற்குச் சற்றுத் தள்ளி, கார் நுழைய முடியாத ஒரு சந்துக்குள் இருப்பதால், வண்டியை இரவு முழுவதும் தெருமுனையிலேயே நிறுத்தும்படி ஆயிற்று. விடிந்து வந்து பார்த்தபோது, இடப்பக்கத்து முன்கதவில் தொடங்கிப் பின்கதவின் கைப்பிடிக்குக் கீழ்வரை யாரோ ஆணியாலோ சாவியாலோ ஒரே இழுப்பாகக் கோடு கிழித்திருந்தார்கள். பின்பம்பரில் பச்சை எனாமல் பெயின்ட் தெளித்திருந்தது. 2014இல் அப்பா ஓய்வுபெற்ற பணத்தில் வாங்கிய வெள்ளி நிற வேகன் ஆர் அது. அப்பா ஒன்றும் பேசாமல் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தபடி அதன் கடைசிவரை நடந்தார். அதைப் பார்த்தபோதுதான் இதை என் கையாலேயே சரிசெய்து கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

காப்பீட்டில் கேட்டிருக்கலாமே என்று பலரும் சொன்னார்கள். பிறர் வேண்டுமென்றே செய்த சேதத்திற்கும் சொந்தச் சேதக் காப்பீட்டில் இழப்பீடு உண்டுதான். ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒருமுறையும் இழப்பீடு கேட்காததால் எங்களுக்குப் பிரீமியத்தில் கிடைத்துவரும் 50 சதவீதச் சலுகை, ஒரு கீறலுக்காகக் கைநீட்டினால் அடுத்த புதுப்பித்தலில் இல்லாமல் போய்விடும். அதைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது வேறொன்று. பட்டறையில் விசாரித்தபோது இரண்டு கதவுகளையும் தேய்த்துவிட்டு முழுவதுமாகப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றார்கள். தொழிற்சாலையில் பூசிய மேற்பூச்சு ஏறத்தாழ 140 டிகிரி வெப்பத்தில் வெந்து இறுகியது. வண்டியில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் பொருத்திய பிறகு எந்தப் பட்டறையாலும் அந்தச் சூட்டைக் கொடுக்க முடியாது. ஒரு நூல் அகலக் கோட்டுக்காக அந்தப் பூச்சு முழுவதையும் இழக்க எனக்கு மனம் வரவில்லை.

பச்சைப் பெயின்டை அன்று மாலையே எடுத்துவிட்டேன். எனாமல் இறுகுவதற்கு முன் கவனித்தால் அது எளிது. சோப்பு நீர் தடவி, பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் சொட்டுகளை நெம்பி எடுத்தபின், மிச்சமிருந்த படலத்தை மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தேன். பெயின்டை இளக்கும் தின்னரை மட்டும் அங்கே தொடவில்லை, ஏனென்றால் பம்பர் பிளாஸ்டிக். தின்னர் பட்டால் மேற்பூச்சோடு அதுவும் இளகிவிடக்கூடும்.

கோட்டுக்கு வருவோம். கதவுகளை ஷாம்பு போட்டுக் கழுவி, நிழலில் உலரவிட்டு, டேப் வைத்து அளந்தேன். 92 சென்டிமீட்டர் இருந்தது. கார் பெயின்ட் என்பது ஒரே பூச்சு அன்று. தகரத்தின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் நிறப்பூச்சுக்குப் பிடிப்புத் தரும் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட் என்று அடுக்கியிருக்கிறார்கள். அத்தனையும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரைதான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனை விடவும் அது குறைவு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், உப்புத்தாளைக் கையில் எடுக்கும்போது தானாகவே பயம் வரும்.

கீறல் எந்த அடுக்குவரை போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. ஈரத்துணியால் துடைத்தவுடன் கோடு மறைந்து, உலர்ந்ததும் மீண்டும் தெரிந்தால் காயம் கிளியர் கோட்டில் மட்டும்தான். நகத்தைக் குறுக்கே இழுக்கும்போது தடுக்கினால் அது இன்னும் ஆழம். இப்படிச் சாண் சாணாகப் பார்த்துக்கொண்டே போனபோது எனக்கு ஒன்று விளங்கியது: பார்வைக்கு ஒரே கோடாக இருந்தாலும் அது மூன்று வகைக் காயம். கிழித்தவரின் கை தொடக்கத்தில் மெதுவாக விழுந்திருக்கிறது. முதல் 30 சென்டிமீட்டர் ஈரத்தில் மறைந்தது. நடுவில் 40 சென்டிமீட்டர் அளவுக்குப் பிரைமரின் சாம்பல் நிறம் தெரிந்தது. கடைசி 22 சென்டிமீட்டரில் தகரமே மின்னியது. மார்கழிப் பனியில் நான்கே நாளில் அது பழுப்பேறியும் விட்டது. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் செய்தால் மூன்றும் கெடும். ஆகவே பேப்பர் டேப்பை ஒட்டி மூன்று எல்லைகளாகப் பிரித்துக்கொண்டேன்.

முதல் பகுதி ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. 2000 எண் வாட்டர் பேப்பரை (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக்கூட நைசாக இருக்கும்) ஷாம்பு கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் அழிரப்பரில் சுற்றிக்கொண்டேன். வெறும் விரலால் தேய்த்தால் விரல் அழுந்தும் இடத்தில் மட்டும் பள்ளம் விழும். ரப்பர் சமமாக அழுத்தும். பத்துப் பன்னிரண்டு இழுப்புக்கு ஒருமுறை துடைத்துப் பார்த்தேன். வழியும் நீர் பால் போல வெளுத்திருந்தால் கிளியர் கோட் தேய்கிறது என்று பொருள். அதில் வெள்ளி நிறம் கலந்தால் பேஸ் கோட்டைத் தொட்டுவிட்டோம், உடனே நிறுத்த வேண்டும். கதவின் மடிப்பு ஓடும் இடத்தில் பூச்சு இயல்பிலேயே மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கே டேப் ஒட்டி மறைத்துவிட்டேன். கோடு முற்றிலும் மறையும்வரை நான் தேய்க்கவில்லை. நிழல் போல மங்கியவுடன் 3000 எண் தாளுக்கு மாறி, பிறகு மெருகேற்றும் பசையான ரப்பிங் காம்பவுண்டைக் கையாலேயே போட்டேன். மங்கிக் கிடந்த பரப்பில் எதிர்வீட்டுத் தென்னை கீற்றுக் கீற்றாகத் தெரியத் தொடங்கிய அந்தக் கணத்தை அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

தகரம் தெரிந்த கடைசிப் பகுதிதான் அவசரம். துருவின் மேல் பெயின்ட் பூசினால் அது உள்ளேயே ஊர்ந்து பக்கத்துப் பூச்சையும் தூக்கிவிடும். 400 எண் தாளைக் கூர்மையாக மடித்து அதன் முனையால் கோட்டுக்குள் மட்டும் சுரண்டினேன். சந்துகளில் ஊசி முனையைப் பயன்படுத்தினேன். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியை ஒரு சொட்டுத் தொட்டு வைத்து, கழுவி, நன்கு உலர்த்தியபின் சாம்பல் பிரைமர் இட்டு ஒருநாள் விட்டேன்.

அடுத்தது நிறம். எங்கள் வண்டியின் நிறக்குறி இசட் 2 எஸ். அந்தக் குறியைச் சொல்லித் தஞ்சாவூரில் 100 மில்லி கலக்கி வாங்கினேன். பதினோரு வருட வெயில் பட்ட கதவோடு குறி மட்டும் ஒத்துப்போனால் போதாது என்பதால், ஒரு டப்பா மூடியில் பூசி, உலர்ந்தபின் கதவருகே பிடித்துப் பார்த்தேன். ஏற்கத்தக்க அளவில் இருந்தது. ஆனாலும் முதல் முயற்சி தோற்றது. சிறிய தூரிகையால் ஒரே இழுப்பாகப் பூசியதில் கோட்டின் மேல் கருத்த மண்புழு ஊர்வது போல் ஆகிவிட்டது. வெள்ளி நிறத்தில் மின்னுவது அலுமினியத் துகள்கள். காற்றழுத்தத்தில் தெளிக்கும்போது அவை தட்டையாகப் படிந்து ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. தூரிகையில் தடிப்பாக வைத்தால் தாறுமாறாகச் செருகி நிற்பதால் இருண்டு தெரிகின்றன. அடியில் அந்தத் துகள்கள் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறை தொடும் முன்னும் புட்டியைக் குலுக்கவும் வேண்டும்.

அந்தப் பூச்சு இறுகுமுன் தின்னர் துணியால் துடைத்தெடுத்துவிட்டு, தென்னை விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, நுனியைச் சீவிக்கொண்டேன். சற்று நீர்க்கக் கலந்த பெயின்டில் அதைத் தொட்டு, கோட்டுப் பள்ளத்தின் நடுவில் நுனியை வைத்தால், சொட்டு தானாகவே பள்ளத்தோடு இருபுறமும் ஒரு விரற்கடை தூரம் ஓடி நின்றுவிடுகிறது; கரைக்கு வெளியே சிந்துவதில்லை. வாய்க்கால் தலைப்பில் மண்ணை வெட்டிவிட்டதும் நீர் ஓடி மடையில் நிற்பது போலத்தான் அது இருந்தது. நடுப்பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் இப்படி மூன்று மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு மணி நேரம்.

கிளியர் கோட்டில்தான் எங்கள் ஊர்க் காற்று தன் வேலையைக் காட்டியது. கிளியர் கோட்டாகப் பூசும் நிறமற்ற பூச்சுக்கு லாக்கர் என்று பெயர். கடினமாக்கியைத் தனியாகக் கலக்க வேண்டிய வகையில் மூச்சுக்குத் தீங்கு செய்யும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருப்பதால், தகுந்த முகமூடி இல்லாமல் வீட்டில் அதைத் தொடுவது தவறு என்று கருதி, ஒரே புட்டியில் வரும் லாக்கரை எடுத்துக்கொண்டேன். காலை ஏழு மணிக்கு, தூசி அடங்கியிருக்கிறது என்ற எண்ணத்தில் பூசினேன். ஐந்து நிமிடத்தில் கோடு முழுவதும் வெண்மை படர்ந்தது. எங்கள் தெருவில் பட்டறை வேலை பார்த்து ஓய்ந்திருக்கும் பெயின்டர் மாமாவை அழைத்துக் காட்டினேன். “ஈரம் ஏறிடுச்சு தம்பி. பனி விலகி வெயில் நல்லா ஏறுறதுக்குள்ள லாக்கரைத் தொறக்கக் கூடாது” என்றார். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் உள்ள ஈரம் அந்தக் குளிர்ச்சியில் பனியாகப் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. “இதுக்கு மேல போடுறது எப்படி மாமா, எல்லாத்தையும் எடுத்துடணுமா?” என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லி, மெதுவாக உலரும் தின்னரை ஈர்க்கு நுனியில் எடுத்து வெளுத்த இடத்தில் லேசாக ஓட்டச் சொன்னார். பூச்சு மீண்டும் இளகி, ஈரம் வெளியேறி, கண்ணெதிரே தெளிந்தது.

தை பிறந்து பொங்கல் முடியும்வரை வேலையை நிறுத்திவைத்தேன். ஆனால் தையில் வேறொரு தொல்லை. எங்கள் வலங்கைமான் சுற்றுவட்டாரம் முழுவதும் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் நெல்லின் சுணை காற்றில் மிதந்து தெருவரை வரும். உலராத லாக்கரில் ஒரு சுணை விழுந்தால் அது மயிரிழையாய் அங்கேயே உறைந்துவிடும். தூசியை அடக்கத் தரையில் தண்ணீர் தெளிக்கலாம் என்றால் ஈரம் கூடும். கடைசியில் கார் நிற்கும் கீற்றுக் கொட்டகைக்குள் துவைத்த வேட்டிகள் நான்கைக் கூரைக்கடியிலும் பக்கவாட்டிலும் கட்டி, காலை பத்தரைக்கும் மதியம் மூன்றுக்கும் இடையில் மட்டும் வேலை செய்தேன். இரண்டு நாளில் நான்கு பூச்சுகள். உலரும்போது சுருங்கும் என்பதால் கோடு சுற்றுப்பரப்பை விட இம்மியளவு மேடாக நிற்கும்வரை இட்டேன்.

ஏழு நாள் கழித்து அந்த மேட்டைச் சமப்படுத்தினேன். முதல் பகுதிக்குச் சொன்ன அதே முறைதான். ஆனால் புதுப் பூச்சு பழையதை விட மென்மையானது என்பதால் பாதி அழுத்தம் போதும்.

இன்று கதவுக்கு இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் முதல் பகுதி எங்கே என்று எனக்கே தெரியவில்லை. நடுப்பகுதி, மாலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் ஒரு கருத்த இழையாகத் தெரிகிறது. ஈர்க்குச்சியால் இட்ட வெள்ளி நிறம் அதற்கு மேல் ஒத்துப்போகாது என்பதால் அதை இனித் தொடப்போவதில்லை. பூச்சிலிருந்து மிச்ச தின்னர் வெளியேற வேண்டும் என்பதால் 30 நாள் முடியும்வரை மெழுகு போடவில்லை. கைப்பிடிக்குக் கீழே, தகரம் தெரிந்திருந்த அந்த 22 சென்டிமீட்டரை ஒவ்வொரு ஞாயிறும் கழுவும்போது விரலால் தடவிப் பார்க்கிறேன். ஐப்பசி மழை தொடங்கியபின் அங்கே கொப்புளம் எழுகிறதா என்பதுதான் துருவை முழுவதும் எடுத்தேனா என்பதைச் சொல்லும். எழுந்தால், அந்தத் துண்டை மட்டும் தகரம்வரை சுரண்டி மறுபடியும் பிரைமரிலிருந்து தொடங்குவேன்.