இரண்டு படங்கள், அரை நொடி

வேகக் கேமராப் படங்களைச் சரிபார்க்கும் அறையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். கேமரா பிடித்த படம் அப்படியே அபராத அறிவிப்பாக மாறி வீட்டுக்கு வந்துவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு படத்தையும் யாராவது ஒருவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். திரையின் அடியில் இரண்டு பொத்தான்கள் இருக்கும்: ஏற்பு, நிராகரிப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நான் ஏற்புப் பொத்தானை மளமளவென்று அழுத்திக்கொண்டே போனேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மூத்த அலுவலர், "இதை நிராகரிக்க ஒரு காரணமாவது தேடிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். அதன் பிறகுதான் எனக்கு வேலை பிடிபட்டது. குற்றம் கண்டுபிடிப்பதைக் கருவி செய்துவிடுகிறது. அது தவறாகக் கண்டுபிடித்திருக்குமோ என்று தேடுவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

காரணங்கள் நிறையவே கிடைக்கும். ஒரே படத்தில் அடுத்தடுத்து இரண்டு வண்டிகள் இருந்தால், ரேடார் அளந்தது எதை? எண் பலகையில் சேறு அப்பியிருந்தால், அது 3 தானா, 8 இல்லையா? நோயாளியுடன் விரையும் ஆம்புலன்ஸ், பாதி தடம் மாறிக்கொண்டிருக்கும் கார், பெரிய லாரியின் உலோகப் பக்கத்தில் பட்டுத் திரும்பியிருக்கக்கூடிய ரேடார் அலை என்று பட்டியல் நீளும். சந்தேகம் வந்தால் நிராகரிப்புதான். வேகமாகப் போன சிலர் இதனால் தப்பித்திருப்பார்கள். தப்பு செய்யாத ஒருவர் பணம் கட்டுவதைவிட அது மேல் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை மிக எளிமையானது. ரேடார் கேமரா ஒரு வண்டியை அரை நொடி இடைவெளியில் இரண்டு முறை படம் எடுக்கும். சாலையில் சம இடைவெளியில் வெள்ளைக் கோடுகள் வரைந்திருக்கும். முதல் படத்தில் சக்கரம் எந்தக் கோட்டருகே இருந்தது, இரண்டாவதில் எங்கே போயிற்று என்று எண்ணினால் போதும். அரை நொடியில் 10 மீட்டர் நகர்ந்திருந்தால் நொடிக்கு 20 மீட்டர், மணிக்கு 72 கிலோமீட்டர். ரேடாரும் அதையொட்டியே சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் படம் குப்பைக்குப் போகும். நுட்பமான மின்னணுக் கருவி சொன்னதைச் சாலையில் பூசிய சுண்ணாம்புக் கோடு சரிபார்க்கிறது. இதை விளக்கினால் ஆட்சேபம் தெரிவிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் சமாதானம் ஆகிவிடுவார்கள். கருவியை நம்புங்கள் என்று சொன்னால் ஆகமாட்டார்கள். அதில் தவறும் இல்லை.

கருவியைத் தடுமாற வைக்க அதன் கோணம் கொஞ்சம் விலகினாலே போதும். சாலையோரத்தில் நிற்கும் ரேடார், வண்டியை நேருக்கு நேர் பார்ப்பதில்லை, சாய்வாகப் பார்க்கிறது. அதனால் அதற்குத் தெரிவது உண்மையான வேகத்தின் ஒரு பகுதிதான். 20 பாகைச் சாய்வில் அது சுமார் 94 சதவீதம். கருவி இந்தக் குறையைக் கணக்கிட்டுச் சரிசெய்துகொள்கிறது. ஆனால் கம்பம் லேசாகத் திரும்பி 20 பாகை 15 ஆகிவிட்டால், கருவி பழைய கணக்கையே போட்டு, 70-ல் போகும் வண்டியை 72 என்று சொல்லும். அதனால்தான் கோணத்தையும் அளவுத்திருத்தத்தையும் குறித்த காலத்தில் சோதித்துச் சான்று பெற வேண்டியிருக்கிறது. சான்றின் தேதி ஒரு நாள் தாண்டியிருந்தாலும் அன்றைய படங்கள் அனைத்தையும் நாங்கள் ஒதுக்கிவிடுவோம். இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சக்கூடிய பிழைக்காகப் பல நாடுகள் ஓர் அளவை ஓட்டுநருக்குச் சாதகமாகக் கழித்துவிடுகின்றன. ஜெர்மனியில் 100 கிலோமீட்டர் வரை 3 கிலோமீட்டரும், அதற்கு மேல் 3 சதவீதமும் கழிப்பது வழக்கம்.

ஆட்சேபக் கடிதங்களில் அடிக்கடி வரும் வரி: "என் ஸ்பீடோமீட்டர் சரியாக வரம்பைத்தான் காட்டியது." அப்படி எழுதியவருக்கு நான் ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் எழுதினேன். ஐ.நா.வின் வாகன விதி எண் 39-ன்படி ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம். முள் 60-ல் நின்றால் வண்டி பெரும்பாலும் அதற்குச் சற்றுக் கீழேதான் போய்க்கொண்டிருக்கும். பெரிய அளவு டயர் மாட்டியிருந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்படியும் ஒருவர் இருந்தார்.

இன்னொரு வரியும் அடிக்கடி வரும்: "வெறும் பத்து கிலோமீட்டர்தானே?" இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். உலர்ந்த சாலை, நல்ல பிரேக், ஓட்டுநர் சுதாரிக்க ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். 50-ல் வரும் கார் நிற்க ஏறக்குறைய 35 மீட்டர் ஆகும். அதே இடத்தில் 60-ல் வரும் கார், முதல் கார் நின்றுவிட்ட புள்ளியைக் கடக்கும்போது இன்னும் மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்தப் புள்ளியில் சாலையைக் கடக்கும் ஒருவர், முதல் காரின் பம்பரைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் உயிரோடு நிற்கிறார். இரண்டாவது காருக்கு முன்னால் இருப்பவர் அந்த வேகத்தில் அடிபடுகிறார். பத்து கிலோமீட்டர் தூரத்தை 60-க்குப் பதில் 70-ல் கடந்தால் மிச்சமாவது ஒன்றரை நிமிடம்கூட இல்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

இவ்வளவு கவனமாக இருந்தும் நான் ஒரு பெரிய தவறில் பங்கெடுத்தேன். ஒரு வளைவில் வரம்பு 80-லிருந்து 50-க்கு இறங்குகிறது. அதைத் தாண்டி ஒரு கேமரா. அங்கிருந்து மட்டும் படங்கள் குவிந்துகொண்டே இருந்தன. கோடுகள் ஒத்துப்போயின, சான்று தேதிக்குள் இருந்தது, எண் பலகை தெளிவாகத் தெரிந்தது. மாதக்கணக்கில் ஏற்றுக்கொண்டே போனேன். ஒரு விடுமுறை நாளில் தற்செயலாக அந்த வழியாக வண்டி ஓட்டிச் சென்றேன். கேமராவைப் பார்த்த கணத்தில் என் முள் 63-ல் இருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து பின்னால் போய்ப் பார்த்தேன். 50 என்ற பலகை மரக்கிளைக்குள் முழுக்க மறைந்திருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் சொன்னபோது, "பதிவேட்டில் பலகை இருக்கிறதே" என்ற பதில்தான் முதலில் கிடைத்தது. பதிவேட்டில் இருந்தது உண்மை. ஓட்டுநரின் கண்ணில் இல்லை. நான் எடுத்த புகைப்படங்களோடு எழுதிக் கொடுத்து, மீண்டும் எழுதி, மூன்றாவது வாரத்தில்தான் கிளை வெட்டப்பட்டது. அந்தக் காலத்து அபராதங்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்தக் கோப்பைப் புரட்டியபோது என்னை வாட்டியது வேறொன்று. ஆட்சேபம் எழுதியவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் எல்லோரும் பேசாமல் பணத்தைக் கட்டியிருந்தார்கள். நான் ஏற்பு அழுத்தியதால் கட்டியவர்கள் அவர்கள். படத்துக்குள் இருப்பதை மட்டும் பார்த்தேன், படத்துக்கு வெளியே முந்நூறு மீட்டர் முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எந்த இடத்திலிருந்து படங்கள் வழக்கத்துக்கு மாறாகக் கூடினாலும் முதலில் பலகையின் அன்றைய புகைப்படத்தைக் கேட்டு வாங்குவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

கிளை போன பிறகு படங்கள் குறைந்தன, ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை. சாலைப் பொறியாளர் ஒருவரோடு மீண்டும் அங்கே போனேன். அவர் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாலையின் அகலத்தைக் காட்டி, "இது 80-க்குப் போட்ட சாலை. அகலமாக, தடையில்லாமல் இருக்கிறது. கால் தானாக அழுத்தும். பலகை ஒன்று சொல்கிறது, சாலை வேறொன்று சொல்கிறது" என்றார். மனிதர்கள் தவறு செய்வார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு சாலையை அமைக்க வேண்டும் என்ற கொள்கையைச் சுவீடன் 1997-லேயே நாடாளுமன்றத்தில் ஏற்றது. அதைப் படித்திருந்தேன். அந்த வளைவில் நின்றபோதுதான் அதற்குப் பொருள் புரிந்தது.

அடுத்த ஆண்டு தடங்களைக் குறுக்கி, நடுவில் நடந்து கடப்பவர்கள் நிற்க ஒரு மேடை கட்டினார்கள். கேமரா அதே கம்பத்தில் இருந்தது. கட்டுமான வேலை முடிந்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை காலை, திரையைத் திறந்ததும் அந்த இடத்தின் வரிசை காலியாக இருந்தது. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்துத் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர்கள் சோதித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்ப அழைத்தார்கள். கருவி நன்றாக வேலை செய்கிறது என்றார்கள்.