நாடா நின்றால் தறி நிற்காதா

நான் சொன்ன பதில் தவறில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ஐந்து மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொள்வது அதைத்தான்.

"ரெண்டும் ஒரே ஹெர்2-க்குத்தான சார்? ஒண்ணு போட்டா பத்தாதா?"

குடியாத்தத்துக்காரர், லுங்கி நெய்பவர். கையில் எஸ்டிமேட் தாள். மனைவிக்கு மார்பகப் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருந்தது. ஹெர்2 என்ற ஏற்பியைத் தடுக்கும் ட்ராஸ்டுஸுமாப், பெர்டுஸுமாப், கூடவே கீமோ மருந்தான டோசிடாக்சல் என்று டாக்டர் எழுதிவிட்டார். மருந்தைக் கலந்து அனுப்புவது என் வேலை. கேட்டால் விளக்குவதும்தான்.

பூட்டு, சாவி என்றுதான் மருந்தியலை நாங்கள் எல்லோரும் படித்தோம். செல்லின் மேல் செய்தியை வாங்கும் ஒரு ஏற்பி, அதற்கு ஒரு மருந்து. ஆனால் செல்லின் மேல் பல ஏற்பிகள் ஜோடி சேர்ந்தால்தான் வேலையே செய்யும். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கிறோமே பேக்லோஃபென், அது போய் ஒட்டும் காபா-பி ஏற்பி இரண்டு பாதிகளால் ஆனது என்று 1998-இல்தான் தெரிந்தது. மருந்து ஒட்டுவது ஒரு பாதியில், செய்தியை உள்ளே அனுப்புவது இன்னொரு பாதி. துணை இல்லாவிட்டால் முதல் பாதி செல்லின் மேற்பரப்புக்கே வராது.

ஹெர்2-வும் அப்படித்தான். வெளியிலிருந்து வந்து ஒட்டுவதற்கென்று அதற்குத் தனியாக எதுவும் கிடையாது. ஆனால் துணை தேடி எப்போதும் கையை நீட்டிக்கொண்டே நிற்கும். அதன் துணையான ஹெர்3 ஏற்பிக்குச் செய்தி வந்து சேரும், அதை உள்ளே கடத்தும் திறன்தான் ஏறக்குறைய இல்லை. இரண்டும் சேர்ந்தால் 'வளர், பெருகு' என்ற கட்டளை பலமாகப் போகும். பெர்டுஸுமாப் அந்த நீட்டிய கையையே மறைக்கிறது. ட்ராஸ்டுஸுமாப் ஒட்டுவது வேறு இடம், செல் சவ்வை ஒட்டிய பகுதி.

இதை அவருக்குத் தறியை வைத்துச் சொன்னேன். ஹெர்2 நீள நூலான பாவு, ஹெர்3 குறுக்கு நூலான ஊடை. ஒரு மருந்து பாவைப் பிடித்துக்கொள்கிறது, இன்னொன்று ஊடையைக் கொண்டுபோகும் நாடாவை மறிக்கிறது.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நாடா நின்னா தறி நின்னுடுமே சார். அப்புறம் பாவ வேற எதுக்குப் புடிக்கணும்?"

எம்.ஃபார்ம் மாணவர்கள் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. "பாவு அளவுக்கு மீறி ஏறிப்போச்சுண்ணா. நாடா இல்லாமலே ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்குது" என்றேன். உண்மைதான். ஹெர்2 மண்டிக் கிடக்கும் செல்லில் வெளியிலிருந்து செய்தி வராமலே ஜோடி சேரும். அதைக் கலைப்பது ட்ராஸ்டுஸுமாப்.

"சிக்குன பாவு தெரியும் சார். அறுத்துத்தான் எடுக்கணும்" என்றார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எனக்கு அன்றைக்கு முழுக்க சந்தோஷம்.

மூன்றாவது சுற்றின்போது டிரிப் ஏறிக்கொண்டிருக்கையில் அந்த அம்மாதான் சொன்னார், ஒரு தறியை விற்றுவிட்டார்கள் என்று. இருந்தது இரண்டு.

அவர் என்னிடம் கேட்டது எப்படி வேலை செய்கிறது என்றா? ஒன்று பத்தாதா என்றுதான் கேட்டார். அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. இந்த மருந்துகளைச் சோதித்த கிளியோபாட்ரா ஆய்வில் 808 பேர். இரண்டாவது மருந்தும் சேர்ந்தபோது ஆயுளின் நடுமதிப்பு 40.8 மாதத்திலிருந்து 56.5 மாதமானது. ஏறக்குறைய 16 மாதம். அந்த எண்ணைச் சொல்லாமல் தறியைச் சொன்னேன். எண்ணைச் சொல்வது டாக்டரின் வேலை என்பது ஒரு சமாதானம். 16 மாதம் என்றால் அவர் இன்னும் வேகமாகத் தறியை விற்றிருப்பார் என்பது இன்னொன்று. 56 என்று கேட்டதும் ஐந்து வருஷம்கூட இல்லையா என்று உடைந்துபோயிருப்பார் என்றும் சில நாள் தோன்றுகிறது.

ஆனால் ஜோடி சேரும் கதை மட்டும் எதையும் உறுதி செய்யாது, அது எனக்குத் தெரியும். இதே ஹெர்2, இதே இரண்டு மருந்துகள், இரைப்பைப் புற்றுநோயில் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுள் நிச்சயமாகக் கூடியது என்று காட்ட முடியவில்லை. அப்படியொரு நோயாளியின் கணவர் கேட்டிருந்தாலும் நான் இதே தறியைத்தான் சொல்லியிருப்பேன். அவரும் தலையாட்டியிருப்பார். இதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. மார்பகத்தில் மருந்து பலன் தருவதால் என் பதில் சரியாகிவிட்டது, அவ்வளவுதானோ?

புரட்டாசியில் ஆறு சுற்று டோசிடாக்சல் முடிந்தது. கட்டி சுருங்கியிருக்கிறது, இதய எக்கோவும் நன்றாக இருக்கிறது. இனி இந்த இரண்டு மட்டும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நோய் மறுபடி வளரும்வரை. அவர் ஜன்னலுக்கு வந்தார்.

"சிக்கெல்லாம் எடுத்தாச்சு இல்ல சார். இனிமே நாடாவ மட்டும் புடிச்சா பத்தாதா?"

"டாக்டர்கிட்ட கேளுங்கண்ணா."

"அன்னிக்கு நீங்களே நல்லா சொன்னீங்களே சார்."

420 மில்லிகிராம் பெர்டுஸுமாப் பை தயாராக இருந்தது. லேபிளில் அந்த அம்மாவின் பெயரை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து, நர்ஸ் கையில் கொடுத்தேன். அவர் இன்னும் ஜன்னலில்தான் நின்றிருந்தார்.