டிஸ்டிங்ட் போடுவதற்கு முன்

டேட்டாபேஸில் ஒரு எஸ்கியூஎல் குவெரி ஓட்டி, ரிசல்ட்டில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். செலக்ட்டுக்குப் பக்கத்தில், ஒரே மாதிரி வரும் வரிசைகளில் ஒன்றை மட்டும் காட்டச் சொல்லும் டிஸ்டிங்ட் என்பதைத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். சாதாரண டேபிள்களிலேயே எனக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது. ஆனால் டேட்டாபேஸ் தன்னைப் பற்றித் தானே குறித்து வைத்திருக்கும் டிக்‌ஷனரி வியூக்களில், அதாவது ஆரக்கிளின் யூசர்_ஆப்ஜெக்ட்ஸ் (என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்ற பட்டியல்), யூசர்_சோர்ஸ் (அவற்றின் கோடு, வரி வரியாக) மாதிரியான இடங்களில், இது பதிலையே மாற்றிவிடும். அங்கே நாம் நகல் என்று நினைக்கும் இரண்டாவது வரிசை நகலே கிடையாது, அது வேறொரு பொருள்.

பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு ஒரு ஸ்கீமாவை, அதாவது ஒரு யூசருக்குச் சொந்தமான டேபிள், புரோகிராம் எல்லாவற்றையும், மாற்றும் வேலையில்தான் இதெல்லாம் வரிசையாக வந்தது. பேக்கேஜ்கள் (புரொசீஜர்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு), ட்ரிகர்கள் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் கோடு), பார்ட்டிஷன் செய்த, அதாவது துண்டு துண்டாகப் பிரித்து வைத்த, பெரிய டேபிள்கள், ஆப்ஜெக்ட் டைப்கள் என்று பல வருடங்களாகச் சேர்ந்த ஸ்கீமா. எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்ததா என்று பார்க்க ஒரு ரிப்போர்ட் வேண்டும்: பேக்கேஜ் பெயர், ஸ்டேட்டஸ், எத்தனை வரி கோடு. டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் அதை எழுதினான், யூசர்_ஆப்ஜெக்ட்ஸையும் யூசர்_சோர்ஸையும் பெயரை வைத்து ஜாயின் பண்ணி, அதாவது ஒரே பெயருள்ள வரிசைகளை இணைத்து. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணா, சில பேக்கேஜுக்கு வரி எண்ணிக்கை டபுளா வருது, சிலதுக்குச் சரியா இருக்கு. டேட்டாவே தப்பா இருக்குமோ?" என்றான்.

சிலதுக்கு மட்டும் என்று சொன்னானே, துப்பு அதில்தான் இருந்தது. எல்லாமே இரண்டாக வந்திருந்தால் ஜாயினை உடனே சந்தேகப்பட்டிருப்போம். சரியாக வந்தவற்றை எடுத்துப் பார்த்தால் அவை கான்ஸ்டன்ட்களை மட்டும் வைத்திருக்கும் பேக்கேஜ்கள், பாடி (உள்ளே வேலை செய்யும் கோடு) இல்லாதவை. டபுளாக வந்தவை எல்லாவற்றுக்கும் பாடி உண்டு. யூசர்_ஆப்ஜெக்ட்ஸில் பாடி உள்ள ஒரு பேக்கேஜ் இரண்டு வரிசையாக இருக்கும்: ஆப்ஜெக்ட்_டைப் என்ற ஃபீல்டில் ஒன்றுக்கு பேக்கேஜ், இன்னொன்றுக்கு பேக்கேஜ் பாடி. பெயர் ஒன்றே.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். ஒரு பேக்கேஜின் ஸ்பெக் (பேக்கேஜ் என்று வரும் வெளி அறிவிப்புப் பகுதி) 40 வரி, பாடி 1,200 வரி என்று வைத்துக்கொள்வோம். யூசர்_சோர்ஸில் அந்தப் பெயரில் 1,240 வரிசைகள் இருக்கும், யூசர்_ஆப்ஜெக்ட்ஸில் 2. பெயரை மட்டும் வைத்து இணைத்தால் ஒவ்வொரு வரியும் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், 2,480 வரும். ஸ்பெக்கின் வரி பாடியின் வரிசையோடு சேரும், பாடியின் வரி ஸ்பெக்கின் வரிசையோடு சேரும். இந்தச் சேர்க்கைகளுக்கு அர்த்தமே கிடையாது. யூசர்_சோர்ஸிலும் டைப் என்று ஒரு ஃபீல்டு இருக்கிறது, அதிலும் இதே பேக்கேஜ், பேக்கேஜ் பாடி என்றுதான் எழுதியிருக்கும். அதையும் ஜாயினில் சேர்த்தால் 40 ஒரு வரிசையிலும் 1,200 ஒரு வரிசையிலும் வந்து உட்கார்ந்துவிடும்.

இதற்கு முன்பே பக்கத்து சீட்டிலிருந்து ஒருவர் யோசனை சொல்லியிருந்தார், கவுன்ட்டுக்குள் டிஸ்டிங்ட் லைன் என்று போட்டுவிடு, சரியாகிவிடும் என்று. போட்டால் 1,200 வருகிறது. பார்க்க நியாயமான எண்ணாகவும் இருக்கிறது, டபுள் எங்கேயும் இல்லை. ஆனால் யூசர்_சோர்ஸில் வரி எண் ஸ்பெக்குக்கு 1-இல் தொடங்கும், பாடிக்கு மறுபடியும் 1-இல் தொடங்கும். ஸ்பெக்கின் 40 வரிகளும் பாடியின் முதல் 40 வரிகளுக்குள் மறைந்துபோகின்றன. 2,480 என்று வந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள். 1,200 என்று வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கு இதில் பயமே அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான்.

ஸ்டேட்டஸ் விஷயம் இதைவிட மோசம். ஒரு பெயருக்கு ஒரு வரிசைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் பெயரை மட்டும் குரூப் பை செய்து (ஒரே பெயருள்ளவற்றை ஒரு வரிசையாக்கி), மற்ற ஃபீல்டுகளுக்கு மேக்ஸ், அதாவது அகரவரிசையில் கடைசியாக வரும் மதிப்பு, போட்டுவிடுவது வழக்கம். ஸ்டேட்டஸில் வரும் எழுத்துகள் வேலிட், இன்வேலிட். ஆங்கில அகரவரிசையில் வேலிட்டின் முதலெழுத்து பின்னால் வரும். அதனால் ஸ்பெக் நன்றாக இருந்து பாடி கெட்டுப்போயிருந்தால், மேக்ஸ் எடுத்துக் கொடுப்பது வேலிட். ரிப்போர்ட் முழுக்கப் பச்சையாக இருக்கும். காலையில் அப்ளிகேஷன் அந்த பேக்கேஜைக் கூப்பிட்டதும் ஓஆர்ஏ-04063, பேக்கேஜ் பாடியில் பிழை என்று வந்து நிற்கும். சரிபார்ப்பதற்காக எழுதிய ரிப்போர்ட்டே பிழையை மூடி வைத்துவிடும். மினிமம் எடுத்தால் தப்பித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். தப்பிக்கலாம், அதுவும் எழுத்து வரிசையின் தயவில்தான். அடுத்து அந்தக் குவெரியைத் திருத்துகிறவருக்கு அது தெரியவா போகிறது?

ஆரக்கிள் ஏன் இதை இரண்டாக வைத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கோபம் போய்விடும். பேக்கேஜ்களை எழுதும் பிஎல்/எஸ்கியூஎல் மொழி, ஏடா என்ற புரோகிராமிங் மொழியைப் பார்த்து வடிவமைத்தது. ஸ்பெக்கில் வெளியே தெரியவேண்டிய பெயர்களும் பாராமீட்டர்களும், பாடியில் உள்ளே நடக்கும் வேலையும் என்று பிரிப்பது அங்கிருந்து வந்த வழக்கம். ஒரு பேக்கேஜைக் கூப்பிடும் மற்ற புரோகிராம்கள் ஸ்பெக்கைத்தான் சார்ந்திருக்கும், பாடியை அல்ல. பாடியை மாற்றி மறுபடி கம்பைல் செய்தாலும் கூப்பிடுகிறவர்கள் இன்வேலிட் ஆகமாட்டார்கள். ஆக ஸ்பெக்குக்கு ஒரு ஸ்டேட்டஸ், பாடிக்கு ஒரு ஸ்டேட்டஸ், தனித்தனி ஆப்ஜெக்ட் ஐடி, கடைசியாக மாறிய நேரமும் தனித்தனி. இத்தனையும் தனியாக இருக்கும்போது ஒரு வரிசைக்குள் திணிக்க நினைப்பதுதான் தவறு.

அப்படியானால் பெயர் ஒன்றுக்கு ஒன்றுதான் இருக்கும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? இருக்கிற ஒரு டேபிளின் பெயரிலேயே புரொசீஜர் உருவாக்கிப் பாருங்கள், ஓஆர்ஏ-00955, இந்தப் பெயர் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று தடுத்துவிடும். இதைப் பலமுறை பார்த்துப் பழகியதால் ஸ்கீமாவுக்குள் பெயர் தனித்துவமானது என்று மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் அந்தத் தடை ஒரு நேம்ஸ்பேஸுக்குள், அதாவது பெயர் மோதக்கூடாத ஒரு குழுவுக்குள், மட்டும்தான். டேபிள், வியூ, சீக்குவன்ஸ், புரொசீஜர், பேக்கேஜ், டைப் எல்லாம் ஒரே நேம்ஸ்பேஸில். இண்டெக்ஸுக்குத் தனி, ட்ரிகருக்குத் தனி, பாடிகளுக்குத் தனி. ஒரு டேபிளும் அதன் மேல் இருக்கும் ட்ரிகரும் ஒரே பெயரில் இருக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். எங்கள் ஸ்கீமாவில் பழைய ஆட்கள் அப்படி வைத்தும் இருந்தார்கள். அதனால் பாடியே இல்லாத ஒரு சாதாரண ட்ரிகரின் வரி எண்ணிக்கையும் டபுளாக வந்தது. பேக்கேஜ் பாடியை மட்டும் வடிகட்டினால் போதும் என்று நினைத்திருந்தால் இது மாட்டியிருக்காது.

அப்புறம் பார்ட்டிஷன். இதில்தான் எண்கள் பயமுறுத்தும். மாதத்துக்கு ஒன்றாக ஐந்து வருடத்துக்கு 60 பார்ட்டிஷன் இருக்கும் டேபிளுக்கு யூசர்_ஆப்ஜெக்ட்ஸில் 61 வரிசை: டேபிள் என்று ஒன்று, டேபிள் பார்ட்டிஷன் என்று 60. எல்லாவற்றிலும் ஆப்ஜெக்ட்_நேம் டேபிளின் பெயர்தான், பார்ட்டிஷனின் பெயர் சப்ஆப்ஜெக்ட்_நேம் என்ற ஃபீல்டில் இருக்கும். டிஸ்க்கில் இடம் பிடிப்பவற்றின் பட்டியலான யூசர்_செக்மென்ட்ஸிலோ பார்ட்டிஷன்களுக்கு மட்டும்தான் வரிசை, 60. டேபிள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்க்க இந்த இரண்டையும் பெயரை வைத்து இணைத்து பைட்ஸைக் கூட்டினால், ஒவ்வொரு பார்ட்டிஷனின் அளவும் 61 முறை கூட்டப்படும். 10 ஜிபி டேபிள் 610 ஜிபி ஆகிவிடும். இப்படி வந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு புதிய சர்வருக்கு எவ்வளவு டிஸ்க் கேட்பது என்று மீட்டிங்கில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இதிலும் டிஸ்டிங்ட் உதவாது. சம்முக்குள் டிஸ்டிங்ட் போட்டால் ஒரே அளவில் இருக்கும் பார்ட்டிஷன்கள் எல்லாம் ஒன்றாகிவிடும், பார்ட்டிஷன் அளவுகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 610 போய் 3 வந்து நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆப்ஜெக்ட் டைப்களில்தான் கடைசி ஆச்சரியம் இருந்தது. கிரியேட் டைப் என்று நாமே உருவாக்கும் டைப்கள். மெத்தட் இல்லாதவற்றுக்கு ஒரு வரிசை, மெத்தட் இருப்பவற்றுக்கு டைப், டைப் பாடி என்று இரண்டு, இதுவரை பேக்கேஜ் கதைதான். ஆனால் சில டைப்களுக்குப் பெயரும் ஒன்று, ஆப்ஜெக்ட்_டைப்பும் டைப் என்றே ஒன்று, ஆனாலும் இரண்டு வரிசை. தம்பிக்கு முகமே வாடிவிட்டது. இதற்கும் வழி ஒன்றுதான்: இரண்டு மூன்று ஃபீல்டை மட்டும் செலக்ட் செய்து பார்க்காமல், அந்த ஒரே ஒரு பெயருக்கு எல்லா ஃபீல்டையும் எடுத்து இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்தோம். ஒன்றில் சப்ஆப்ஜெக்ட்_நேம் காலியாக இருந்தது, இன்னொன்றில் டாலர் குறியோடு தொடங்கி விஎஸ்என் 1 என்று எழுதியிருந்தது. எப்போதோ யாரோ ஆல்டர் டைப் போட்டு அதில் ஒரு ஆட்ரிபியூட்டைச் சேர்த்திருக்கிறார்கள். டைப்பைச் சார்ந்த டேபிள்கள் இருக்கலாம் என்பதால் ஆரக்கிள் பழைய வெர்ஷனையும் விட்டுவிடாமல் வைத்திருக்கிறது. யூசர்_டைப்_வெர்ஷன்ஸில் போய்ப் பார்த்தால் பழைய வெர்ஷனும் புதியதும் வரி வரியாக இருந்தன. இந்த வரிசையை டிஸ்டிங்ட்டால் அழித்துவிட்டிருந்தால், அந்த டைப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது. மைக்ரேஷனில் அதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

ஸ்கிரிப்ட் எடுக்கும்போதும் இதே விஷயம் வேறு உருவத்தில் வந்தது. ஒரு பொருளை மறுபடி உருவாக்கும் ஸ்கிரிப்ட்டைத் தரும் டிபிஎம்எஸ்_மெட்டாடேட்டாவின் கெட்_டிடிஎல்லுக்கு ஆப்ஜெக்ட்_டைப்பை அப்படியே கொடுத்தால், இடைவெளியோடு பேக்கேஜ் பாடி என்பதை அது ஏற்காது, ஓஆர்ஏ-31600 சொல்லும். உடனே எல்லோரும் இடைவெளியை அண்டர்ஸ்கோராக மாற்றுவார்கள், வேலை நடந்துவிடும். ஆனால் அதற்கு பேக்கேஜ் என்று கொடுத்தால் ஸ்பெக், பாடி இரண்டையும் சேர்த்துத் தரும். அடுத்த வரிசைக்குப் பாடி மறுபடியும் ஒருமுறை வரும். ஸ்பெக் மட்டும் வேண்டுமென்றால் பேக்கேஜ்_ஸ்பெக் என்று கேட்கவேண்டும். குவெரியின் ரிசல்ட்டைச் சேமித்து வைக்கும் மெட்டீரியலைஸ்டு வியூவில் இது சின்னத் தொல்லையோடு நிற்காது. அது யூசர்_ஆப்ஜெக்ட்ஸில் டேபிள் என்று ஒரு முறையும் மெட்டீரியலைஸ்டு வியூ என்று ஒரு முறையும் இருக்கும். லிஸ்டை அப்படியே நம்பி முதலில் அதை டேபிளாக உருவாக்கிவிட்டால், பிறகு மெட்டீரியலைஸ்டு வியூவை உருவாக்கும்போது அதே ஓஆர்ஏ-00955.

இது ஆரக்கிளுக்கு மட்டும் உரிய குணம் என்று நினைக்கவேண்டாம். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வரில் ஃபீல்டுகளின் பட்டியலான சிஸ்.காலம்ஸையும் டேட்டா டைப்களின் பட்டியலான சிஸ்.டைப்ஸையும் சிஸ்டம்_டைப்_ஐடி வைத்து இணைத்தால் என்வார்கேர் (எழுத்து வைக்கும் டைப்) ஃபீல்டுகள் எல்லாம் இரண்டிரண்டாக வரும். என்வார்கேருக்கும் சிஸ்நேமுக்கும் அந்த ஐடி ஒன்றே, 231. சிஸ்நேம் என்பது என்வார்கேருக்கு வைத்த இன்னொரு பெயர்தான். யூசர்_டைப்_ஐடி வைத்து இணைத்தால் பிரச்சினை இல்லை. அங்கே வேலை செய்கிற நண்பர் இதற்குப் பல நாளாக, சிஸ்நேம் என்று வந்தால் விட்டுவிடு என்று வேர் கண்டிஷன் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். நிஜமாகவே சிஸ்நேம் டைப்பில் ஒரு ஃபீல்டு வந்தால் அது என்வார்கேர் என்றுதான் ரிப்போர்ட்டில் இருக்கும்.

எங்கள் ரிப்போர்ட்டைக் கடைசியில் பெயர், சப்ஆப்ஜெக்ட் பெயர், ஆப்ஜெக்ட் டைப் மூன்றையும் சேர்த்து ஒரு வரிசை என்று மாற்றி எழுதினோம். சோர்ஸ் வரிகளை முதலில் பெயர், டைப் வாரியாக எண்ணி முடித்துவிட்டு, அதன் பிறகுதான் ஆப்ஜெக்ட்ஸோடு இணைத்தோம். இணைப்பதற்கு முன் இரண்டு பக்கமும் தனித்தனியாக, ஜாயின் செய்யப்போகும் ஃபீல்டுகளில் குரூப் பை போட்டு ஒன்றுக்கு மேல் வருகிறதா என்று ஒரு ஹேவிங் கவுன்ட் ஓட்டிப் பார்க்கும் வழக்கத்தையும் டீமில் கொண்டுவந்தோம். ஒரு பக்கம் ஒன்றுக்கு மேல் இருந்தால் பரவாயில்லை, இரண்டு பக்கமும் இருந்தால் அந்த ஜாயினைத் தொடக்கூடாது. ரிப்போர்ட் நீளமாகிவிட்டது, மேனேஜருக்கு ஒரு பேக்கேஜுக்கு இரண்டு வரிசை ஏன் என்று விளக்கவும் வேண்டியிருந்தது. அந்த நீளமான ரிப்போர்ட்டில்தான், ஸ்பெக் வேலிட், பாடி இன்வேலிட் என்று சில பேக்கேஜ்கள் முதல் முறையாகக் கண்ணில் பட்டன. யூசர்_எரர்ஸில் போய்ப் பார்த்தால் புதிய சர்வரில் ஒரு டேபிளுக்கு கிராண்ட் (பயன்படுத்தும் அனுமதி) கொடுக்கப்படவில்லை. கொடுத்தோம், பாடிகளை மட்டும் கம்பைல் செய்தோம், அன்றைக்கே சரியாகிவிட்டது.