பையில் பெயர் அச்சடிக்காதீர்கள்

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ எச்.ஐ.வி. இருந்தால் பிள்ளைக்கும் இருக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அம்மா ஏ.ஆர்.டி. எனும் கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் பெரும்பாலான குழந்தைகள் தொற்றில்லாமல்தான் பிறக்கின்றன. கைக்குழந்தைக்கு ஆறாவது வாரத்திலேயே பரிசோதனை தொடங்கும், 18 மாதத்தில் உறுதியாகும். விட்டுப்போவது மூத்த பிள்ளைகள்தான். "நல்லாத்தானே இருக்கான்" என்று தள்ளிப்போடாமல் எல்லோரையும் ஒரு தடவை எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப் போங்கள்.

தொற்று இல்லை என்று தெரிந்த பிறகும் பிள்ளையின் தலையில் ஒரு பாரம் இருக்கும்: வீட்டு ரகசியம். 30 மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்து, சத்து மாத்திரை டப்பாவுக்கு மாற்றிவைப்பவர்கள் நிறைய. ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் பழைய டப்பாவோடு குப்பைக்குப் போய்விடும், மாத்திரையில் ஈரம் ஏறும். தம்பி "எனக்கும் சத்து மாத்திரை" என்று கை நீட்டுவான். அதற்குப் பதில், ஆறேழு வயதில் "அம்மா ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கு, தினமும் மாத்திரை போட்டா அது அடங்கிக் கிடக்கும், ஒரே தட்டில் சாப்பிட்டா உனக்கு ஒட்டாது" என்ற அளவு போதும். நோயின் பெயரை, பிள்ளையின் பக்குவம் பார்த்து, பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் சொல்லிவிடலாம். சண்டை நடந்த அன்று மட்டும் வேண்டாம். "யாரிடமும் சொல்லாதே" என்று நிறுத்துவது கொடுமை. சித்தியோ, மையத்து ஆலோசகரோ, பேசலாம் என்று ஒருவரையாவது காட்டிவிடுங்கள்.

அடுத்தது உதவிகள். பணம், பள்ளிப் பை, நோட்டு எல்லாம் நல்லதுதான், ஆனால் அவற்றோடு நோயின் பெயரும் போகக்கூடாது. பையில் எய்ட்ஸ் திட்டத்தின் பெயரை அச்சடித்துக் கொடுப்பதும், உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 அன்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பதும் எனக்குச் சகிக்காத காரியங்கள்.

தமிழ்நாட்டில் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் எச்.ஐ.வி. பாதித்த குழந்தைக்குச் சிறப்புப் பிரிவு உண்டு, குலுக்கலுக்கு முன்பே இடம் கிடைக்கும். ஆனால் நோயைச் சொல்லும் சான்றிதழ் பள்ளிக்குப் போகும். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழே என்றால் நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிக்கலாம். குலுக்கலில் விழாமலும் போகலாம், ஆனால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எது வேண்டும் என்பதைப் பெற்றோர்தான் தீர்மானிக்க வேண்டும், நாமல்ல. மற்றபடி, சேர்க்கைக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவரோடு வாழும் பிள்ளைக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

மிஷன் வாத்சல்யா என்னும் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்கும். வருமான வரம்பு கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோருக்குக் கடுமையான நோய் என்பது ஒரு தகுதி, தாய் கைம்பெண் என்பது இன்னொன்று. அப்பா இறந்திருந்தால் இரண்டாவதைக் காட்டுங்கள். இறப்புச் சான்றிதழில் இறந்த காரணம் இருக்காது. வங்கிக் கணக்கை முதலிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள், பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பணம் நின்றுவிடும்.

கடைசியாக, பெற்றோர் திடமாக இருக்கும்போதே செய்ய வேண்டியது. தங்களால் முடியாமல் போனால் பிள்ளைக்கு யார் காப்பாளர் என்று எழுதிவைக்க மேலே சொன்ன 2017 சட்டம் வழி தருகிறது. குடும்பப் பொறுப்பைச் சமாளிக்கும் பக்குவம் வந்த அக்காவோ அண்ணனோ 12 வயது நிரம்பியிருந்தால், தம்பி தங்கையைப் பள்ளியில் சேர்க்கவும் வங்கிக் கணக்கைக் கவனிக்கவும் காப்பாளராகலாம். சந்தேகம் வந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு இலவசமாகப் பேசலாம். எழுதிய தாளை ஏ.ஆர்.டி. புத்தகம் இருக்கும் கவரில் வைக்காதீர்கள். ரேஷன் கார்டும் ஆதாரும் அதில்தான் கிடக்கும், பக்கத்து வீட்டுக்காரர் எதிரிலேயே அதைத் திறக்க வேண்டி வரும்.