அலமாரிக்கும் வகுப்பறைக்கும் நடுவே

தொடக்கப் பள்ளியில் நூலக ஆசிரியரின் வேலை புத்தகம் கொடுத்து வாங்குவதுதான் என்று எண்ணுவோர் இன்றும் பலர். இரவல் பதிவும் புத்தகங்களை அடுக்குவதும் அவசியமான பணிகளே. ஆனால் அவற்றுக்கு ஆசிரியர் பயிற்சி தேவையில்லை. குழந்தையின் மனத்தில் எழும் கேள்வியைத் தேடலாக மாற்றவே ஆசிரியர் வேண்டும் என்பது என் பணியில் நான் கண்டறிந்தது.

மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி திமிங்கிலம் பற்றிய புத்தகத்தை மீன்களுக்குரிய அடுக்கில் வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தாள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பு முறையில் மீன்களுக்கான எண் 597, பாலூட்டிகளுக்கு 599. “இங்க இல்லையே, டீச்சர்” என்றவளிடம் நானே எடுத்துக் கொடுத்திருந்தால் அரை நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். திமிங்கிலம் எப்படி மூச்சு விடுகிறது, குட்டிக்கு என்ன கொடுக்கிறது என்று மட்டும் கேட்டேன். சற்று யோசித்தவள், யானையும் கரடியும் இருக்கும் அடுக்கை நோக்கித் தானே நடந்தாள். பாடத்தில் மனப்பாடமாக இருந்த உயிரின வகைப்பாடு அவளுக்கு அன்றுதான் கைக்கு உதவியது.

காலாவதியான நூல்களைக் கழித்துக் கட்டுவதும் எங்கள் கடமை. பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2006-இல் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியபின், ஒன்பது கோள்கள் என்று சொல்லும் புத்தகங்களை அலமாரியிலிருந்து நீக்கத்தான் வேண்டும். ஆயினும் அவற்றில் ஒன்றை என் மேசையில் தனியே வைத்திருக்கிறேன். அதையும் புதிய நூல் ஒன்றையும் அருகருகே விரித்து வைத்தால், எது சரி என்று நான்காம் வகுப்புக் குழந்தைகள் உரக்க வாதாடுவார்கள். பிறகு யாரேனும் ஒருவர் முன்பக்கத்தைப் புரட்டிப் பதிப்பாண்டைப் பார்ப்பார். அச்சில் வந்தது எதுவானாலும் எப்போது, யாரால் எழுதப்பட்டது என்று கேட்கும் பழக்கத்தை இந்த வயதிலேயே ஊட்டிவிட முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். இணையத்தில் தேடும் நாள் வரும்போது அவர்களுக்கு அது மிகவும் வேண்டியிருக்கும்.

இவையெல்லாம் வகுப்பாசிரியரோடு முன்கூட்டியே பேசித் திட்டமிட்டால்தான் நடக்கும். நூலகரும் ஆசிரியரும் இணைந்து பணியாற்றும்போது மாணவரின் எழுத்தறிவும் வாசிப்பும் சிக்கல் தீர்க்கும் திறனும் உயர்கின்றன என்று, யுனெஸ்கோவும் பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பும் பள்ளி நூலகங்களுக்காக 1999-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நடைமுறையிலோ, ஆசிரியர் வராத வகுப்பைக் கொண்டுவந்து உட்கார வைக்கும் இடமாக நூலகம் மாறிவிடுவது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது. ஆகவே ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் வகுப்பாசிரியர்களிடம் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, எந்த வாரத்தில் எந்தப் பாடத்துக்கு எந்த நூல்கள் தேவைப்படும் என்று அவர்களுடனேயே அமர்ந்து குறித்துக்கொள்கிறேன். கால அட்டவணையில் இந்தக் கலந்துரையாடலுக்கென ஒரு பாடவேளையை ஒதுக்கித் தருமாறு தலைமை ஆசிரியரிடம் தொடர்ந்து கேட்டு வருகிறேன்.